வந்தால் இருக்கிறோம்

பைலட்டுக்கு அன்று அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வேலையும் கிடையாது. டோக்கன் இல்லை, ஃபைல் இல்லை, டாக்டர் வரச் சொல்லவும் இல்லை. சொல்லப்போனால், இனிமேல் இந்தப் பக்கம் தலைவைத்தே படுக்க வேண்டாம் என்று போன வருஷமே கையைக் குலுக்கி அனுப்பிவிட்டார். அப்படியிருந்தும் ஆள் காலையில் கதவு திறக்கும்போதே வந்து, எக்ஸ்ரே அறைக்கு வெளியே இருக்கிற நீளப் பெஞ்சில், சுவரோரமாக, வழக்கமான இடத்தைப் பிடித்து உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்தான் என்று பேச்சுக்குத்தான் சொல்ல வேண்டும். எழுந்தான், நடந்தான், தண்ணீர்க் குழாய் வரை போய்க் குடிக்காமலே திரும்பினான், மறுபடி உட்கார்ந்தான். செயற்கைக் கால் தரையில் பட்டு டக் டக் என்று போட்ட சத்தத்தில், எதிர்வரிசையில் கண்ணயர்ந்திருந்த ஒரு பெரியவர் விழித்துப் பார்த்து முறைத்தார்.

அவன் ஸ்டீலுக்காகக் காத்திருந்தான்.

ஸ்டீல் என்பது ஒரு பெண். பைலட்டும் விமானம் ஓட்டுகிறவன் இல்லை, தையல் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவன். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், அவனுக்கு மீசை அரும்புகிற வயசில், இதே ஆஸ்பத்திரியின் எலும்புப் புற்றுநோய் வார்டில் இரண்டு பேரும் அடுத்தடுத்து வந்து படுத்தார்கள். அப்போது வார்டில் ஏழு பிள்ளைகள். ஏழு பேருக்கும் தலையில் முடி இல்லை, ஏழு பேருக்கும் பட்டப்பெயர் இருந்தது. சக்கர நாற்காலியைக் கண்மண் தெரியாமல் ஓட்டி நர்ஸம்மாவின் பாதத்தில் ஏற்றியதால் இவன் பைலட். முழங்காலை எடுத்துவிட்டு உள்ளே உலோகத்தை வைத்துத் தைத்ததால் அவள் ஸ்டீல். எதற்கெடுத்தாலும் கணக்குப் போடுகிறவன் கணக்கு. ஊசி குத்தும்போதுகூடக் கண்ணைத் திறக்காதவன் தூங்குமூஞ்சி.

அவளுக்குக் கால் தப்பித்தது, இவனுக்குத் தொடைக்குக் கீழே போய்விட்டது. அதில் யாருடைய புண்ணியமும் பாவமும் இல்லை. இவனுடைய கட்டி ரத்தக் குழாயைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றது, அவளுடையது கொஞ்சம் தள்ளி நின்றது. இத்தனை சின்ன விஷயத்துக்காக ஒரு காலையே கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று அவன் ரொம்ப நாள் ஆத்திரப்பட்டிருக்கிறான். இப்போது அந்த ஆத்திரம் மழைநாளில் மட்டும் வந்துபோகிறது.

ஒருநாள் டாக்டர் வராந்தாவில் பெற்றவர்களிடம் பேசியதைக் கணக்கு ஒட்டுக்கேட்டுவிட்டு வந்தான். நூற்றுக்கு அறுபத்தைந்து பேர் ஐந்து வருஷம் தாண்டுவார்கள் என்று டாக்டர் சொன்னாராம். அவன் மனசுக்குள்ளேயே போட்டு விடையும் சொன்னான்.

"ஏழு பேர்ல நாலரை பேர் தாண்டிடுவோம்."

"அந்த அரை ஆள் யாருடா?" கண்ணை மூடியபடியே கேட்டான் தூங்குமூஞ்சி.

"வேற யாரு, பைலட்தான். அவனுக்குத்தான் பாதிக் கால் இல்லியே!"

வார்டே சிரித்தது. கையில் சிவப்புக் கீமோ மருந்து ஏறிக்கொண்டிருந்த ஸ்டீல் சிரித்துச் சிரித்து வாந்தி எடுத்தாள். பிள்ளைகள் சிரித்ததைப் பார்த்துப் பெரியவர்கள் வெளியே போய் அழுதார்கள்.

கணக்கு முதல் வருஷமே போய்விட்டான். நோய் நுரையீரலுக்கு ஏறிவிட்டது. அது தெரியாமல் பைலட் அவன் வீட்டுக்குப் போன் செய்தான். அம்மாதான் எடுத்தார். "அவன் இல்லப்பா," என்றார். இவன் வைத்துவிடலாம் என்று பார்த்தால் அவர் விடவில்லை. "நீ எப்படிப்பா இருக்கே? கால் வலிக்குதா? ஒழுங்காச் சாப்பிடறியா?" என்று கேட்டுக்கொண்டே போனார். தன் பிள்ளையிடம் கேட்க முடியாமல் போனதை எல்லாம் இவனிடம் கேட்கிறார் என்று புரிந்தபோது, நன்றாக இருக்கிறேன் என்று சொல்ல இவனுக்கு நாக்கு எழவில்லை. நன்றாக இருப்பதே அந்த அம்மாவுக்குச் செய்கிற துரோகம் மாதிரி இருந்தது.

அதற்கடுத்த செக்கப்பில் அவன் இந்தப் போன் கதையைச் சொன்னதும், இதே பெஞ்சில் வைத்துத்தான் ஸ்டீல் சட்டம் போட்டாள். யாரும் யாருக்கும் போன் நம்பர் கொடுக்கக் கூடாது. வீட்டு விலாசமும் கிடையாது. செக்கப் நாளன்று இந்தப் பெஞ்சுக்கு வர வேண்டும்.

"வந்தா இருக்கோம். வரலைன்னா இல்லை. அவ்வளவுதான்."

பாவாடை சட்டை போடுகிற வயசுப் பெண் போட்ட சட்டம். புத்தியுள்ள பெரியவர் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் காதைத் திருகியிருப்பார். இவர்கள் ஆறு பேரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். இன்னொரு சட்டமும் தானாகவே வந்து சேர்ந்தது. எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்று உள்ளே கேட்டுவிட்டு வருகிறவர், வெளியே இன்னும் கூப்பிடப்படாமல் இருக்கிறவர் முன்னால் பல்லைக் காட்டக் கூடாது. அடுத்தவருக்கு உள்ளே என்ன வைத்திருக்கிறதோ யார் கண்டது. "அடுத்த தடவை பாப்போம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை என்று இருந்த செக்கப் ஆறு மாதமாகி, பிறகு எல்லாருக்கும் ஒரே தேதியில் வருஷத்துக்கு ஒன்றானது. பெஞ்சில் இடம் தாராளமாகிக்கொண்டே வந்தது. இரண்டு பேருடைய சாவு நர்ஸம்மா மூலம் தெரிந்தது. ஒருத்தி படிப்பு முடித்து எங்கோ கல்யாணமாகிப் போனாள், பிறகு வரவில்லை. தூங்குமூஞ்சி மட்டும் ரொம்ப வருஷம் வந்தான். இந்தப் பெஞ்சிலேயே வாயைத் திறந்து தூங்குவான், பேரைக் கூப்பிட்டால் இவர்கள்தான் உலுக்கி அனுப்ப வேண்டும். ஒரு வருஷம் அவனும் வரவில்லை. ஸ்டீலும் பைலட்டும் அன்று முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார்கள். சட்டப்படி அவன் இல்லை. அதன்பிறகு இரண்டே பேர்.

போன வருஷம் ஸ்டீலை முதலில் கூப்பிட்டார்கள். வெளியே வந்து, "அடுத்த வருஷம் பாப்போம்" என்றாள். பிறகு பைலட் டாக்டர் அறைக்குள் போனான். அங்கேதான் டாக்டர் கையைக் குலுக்கினார். "போதும்பா. இனிமே வருஷா வருஷம் வர வேண்டாம். ஏதாவது தொந்தரவுன்னா மட்டும் வா." அவனுக்குச் சந்தோஷத்தில் காது அடைத்தது. கதவைத் திறந்துகொண்டு வந்தால் ஸ்டீல் இவனுக்காக நின்றிருந்தாள். நின்றபடி லேசாக இருமினாள். அவளுக்கு அடுத்த வருஷமும் வரவேண்டியிருக்கிறதே, இந்தப் பெஞ்சில் இவளைத் தனியாக விட்டுவிட்டு நான் மட்டும் எப்படிக் கிளம்புவது என்று வாயை மூடிக்கொண்டான். "பாப்போம்" என்றான்.

அன்றைக்குச் சொல்லாமல் விட்டது வருஷம் முழுக்க அவனைக் குடைந்தது. அவன் வராவிட்டால் சட்டப்படி அவள் அவனைச் செத்தவனாக எழுதிவிடுவாள். அந்த இருமல் வேறு. எந்த மெஷினைப் பிரித்தாலும் அந்த இருமல் ஞாபகத்துக்கு வந்தது. அதனால்தான் பெண்டாட்டியிடம்கூட உண்மையைச் சொல்லாமல், வழக்கம்போலச் செக்கப் என்று கிளம்பி வந்திருக்கிறான். பாவம், அவள் ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுத்துவிட்டு, காலையில் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். காலரை இரண்டு தடவை தேய்த்தாள். அதைப் பார்த்தபோது அவனுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. இன்னொன்றும் உண்டு, அதை அவன் தனக்குத்தானே ஒத்துக்கொள்வதில்லை: வர வேண்டாம் என்ற வார்த்தையை நம்ப அவனுக்குப் பயமாக இருந்தது.

ஸ்டீல் எப்போதும் முதல் பத்து டோக்கனுக்குள் வந்துவிடுவாள். இன்று முப்பதைத் தாண்டியும் ஆளைக் காணோம்.

பையிலிருந்து திருப்புளியை எடுத்துப் பெஞ்சுக் காலில் ஆடிக்கொண்டிருந்த ஒரு திருகை முடுக்கினான். கை சும்மா இருந்தால் மனசு கண்ட இடத்துக்கும் போகிறது. இத்தனை வருஷத்தில் இந்த வராந்தாவில் அவன் கைபடாத திருகே கிடையாது.

"சார், போன வருஷமும் நீங்கதானே இதைக் கழட்டினது?" என்றார் வாட்ச்மேன்.

"கழட்டல. முடுக்கினேன்."

"என்னவோ, ஆஸ்பத்திரிச் சாமான்ல கை வெக்காதீங்க."

திருப்புளியைப் பையில் போட்டுவிட்டுக் கவுன்டருக்குப் போனான். ஸ்டீலின் நிஜப் பெயரைச் சொல்லி, இன்று வந்தாளா என்று கேட்டான். கவுன்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள்.

"நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

அண்ணனா, தம்பியா, சொந்தமா, பந்தமா? "ஒரே பெஞ்சு," என்றான்.

"பள்ளிக்கூடத்துலயா?"

"இல்லம்மா. இதோ, இந்தப் பெஞ்சு."

"சாரி சார். பேஷன்ட் விவரத்தை வெளியாளுங்களுக்குச் சொல்லக் கூடாது."

வெளியாளாம். அந்தப் பெண் எழுத்துக் கற்றுக்கொள்வதற்கு முன்பே இங்கே கால் ஒன்றைக் கொடுத்தவன் வெளியாளாம். பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்தால், அவன் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பெண்பிள்ளையின் ஊன்றுகோலும் ஸ்கார்ஃபும். பிள்ளை உள்ளே எக்ஸ்ரேக்குப் போயிருந்தது. அவர் இவனுடைய காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி காலைப் பார்த்தார். புது அம்மாக்கள் எல்லாரும் இப்படித்தான் பார்ப்பார்கள்.

"தம்பி, தப்பா நினைக்காதீங்க. உங்களுக்கும் இதேதானா?"

"ஆமாங்க. பதினெட்டு வருஷம் ஆச்சு."

"பதினெட்டா!" அவர் கை தானாக நெஞ்சுக்குப் போனது. "எங்க பொண்ணுக்கு ஆபரேஷன் முடிஞ்சு இப்பதான் முதல் படம். காலை எடுக்கல. உள்ள ராடு வெச்சிருக்காங்க. இப்ப எல்லாம் அப்படித்தானாமே?"

"முக்கால்வாசிப் பேருக்கு அப்படித்தாங்க. எங்க காலத்துல கொஞ்சம் அவசரக்காரங்க," என்று சிரித்தான். அவரும் லேசாகச் சிரித்தார். சிரித்த கையோடு, அவன் எந்தக் கேள்விக்குப் பயந்தானோ அதைக் கேட்டுவிட்டார்.

"உங்ககூட அப்ப இருந்தவங்க எல்லாம் எப்படி இருக்காங்க தம்பி?"

பொய் சொல்லலாம். அந்தம்மாவின் கண்ணைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்லவும் வரவில்லை, உண்மை சொல்லவும் வரவில்லை. "ஒருத்தங்க இன்னிக்கு வரணும்," என்றான். "அவங்களுக்கும் உங்க பொண்ணு மாதிரிதான், ராடு வெச்ச கால். அவங்களுக்காகத்தான் காத்துட்டிருக்கேன்."

அவ்வளவுதான், அந்த அம்மாவும் வாசலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். தன் பிள்ளைக்கு உள்ளே படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது, முன்பின் தெரியாத ஒருத்திக்காக அவரும் ஒவ்வொரு தலையாகப் பார்த்தார். "இவங்களா?" என்று கேட்பார். "இல்லங்க" என்பான். யாராவது ஒரு பெண் சற்றுக் காலைச் சாய்த்து நடந்து வந்தால் இரண்டு பேரும் சேர்ந்தே நிமிர்ந்தார்கள். அதைவிடத் தனியாகவே இருந்திருக்கலாம் போலிருந்தது அவனுக்கு.

போன் அடித்தது. பெண்டாட்டி. காலையிலிருந்து மூன்றாவது தடவை.

"என்ன சொன்னாங்க?"

"இன்னும் கூப்பிடல."

"இவ்வளவு நேரமாவா? எதையாவது மறைக்கறீங்களா? எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க, நான் கிளம்பி வரேன்." குரல் உடைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் செருப்பை மாட்டுகிற சத்தம் கேட்டது.

அதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை. வராந்தா மூலைக்குப் போய், சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "வராதே. எனக்கு இன்னிக்குச் செக்கப்பே இல்லை. போன வருஷமே இனிமே வர வேண்டாம்னு சொல்லிட்டாங்க. சரியாயிடுச்சாம்."

அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் நின்றது.

"போன வருஷமேவா?"

"ஆமா."

"ஒரு வருஷமா நான் கும்பிடாத சாமி இல்லை. நேத்து ராத்திரி கண்ணை மூடல. நீங்க என்னடான்னா..." மூக்கை உறிஞ்சினாள். "வீட்டுக்கு வாங்க, வெச்சுக்கறேன். சரி, அப்புறம் அங்க என்ன பண்ணிட்டிருக்கீங்க?"

"ஸ்டீல் வரணும். இன்னும் வரல."

ஸ்டீலைப் பற்றி அவளுக்குத் தெரியும். கல்யாணமான புதிதிலேயே ஏழு பேரையும் பற்றிச் சொல்லியிருக்கிறான். அவள் திட்டுவதற்காக எடுத்த மூச்சு பாதியில் நின்றது.

"போன் பண்ணிப் பாருங்களேன்."

"நம்பர் இல்லை. வாங்கக் கூடாதுன்னு..."

"தெரியும், தெரியும், சட்டம். நரை விழற வயசுல என்ன சட்டம் வேண்டிக்கிடக்கு, லூசுங்களா!" பிறகு குரலை இறக்கினாள். "அவங்க வர்ற வரைக்கும் இருங்க. ஏதாவது சாப்பிட்டுட்டு இருங்க. நம்பர் வாங்காம வந்தீங்கன்னா வீட்டுக்குள்ள விடமாட்டேன், ஆமா."

போனை வைத்தபோது அவன் கண் கலங்கியிருந்தது. இத்தனை நல்லவளை ஒரு வருஷம் தேவையில்லாமல் பயத்தில் வைத்திருந்தோமே என்று வெட்கமாக இருந்தது. ஆனால் சாப்பிடப் போகவில்லை. போகிற நேரத்தில் அவள் வந்துவிட்டுப் போய்விட்டால்?

மத்தியானம் கூட்டம் கரைந்தது. பெரியவர் போனார். அந்த அம்மாவின் பெண் எக்ஸ்ரே முடிந்து வந்து, அம்மா தோளில் சாய்ந்துகொண்டு, டாக்டர் கூப்பிடுவதற்காகக் காத்திருந்தது. பைலட் எழுந்து வாசல் வரை போவதும் திரும்புவதுமாக இருந்தான். கட்டைக்கால் உரசித் தொடை எரிந்தது. ஒருகட்டத்தில் நின்றுவிட்டான். இன்னும் எதற்காக நிற்கிறோம், சட்டம்தான் தெளிவாக இருக்கிறதே என்று நினைத்தான். வரலைன்னா இல்லை. அந்த இருமலைக் கேட்டபோதே கேட்டிருக்க வேண்டும். போன வருஷமே சட்டத்தை உடைத்து நம்பர் வாங்கியிருந்தால், குறைந்தபட்சம் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்காவது போய் நின்றிருக்கலாம். ஏழு பேரில் கடைசி ஆள் ஆகிவிட்டோம் என்ற நினைப்பு வந்தது. அப்படி ஒரு தனிமையை அவன் காலை வெட்டின அன்றுகூட உணர்ந்ததில்லை.

"டேய், உன்னை இன்னும் கூப்பிடலியா?"

முதுகுக்குப் பின்னாலிருந்து குரல். அவசரச் சிகிச்சைப் பக்கத்து வழியாக வந்திருக்கிறாள். முகமெல்லாம் வியர்வை, தோளில் ஆபீஸ் பை, வலது கால் வழக்கம்போலக் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது.

இவள்தான் என்று அந்த அம்மாவுக்குக் கையை நீட்டிக் காட்டினான். அந்த அம்மா ஏற்கெனவே எழுந்து நின்றுவிட்டார். ஸ்டீலின் இரண்டு பாதங்களையும் மாறி மாறிப் பார்த்து, "நல்லா நடக்கறீங்களேம்மா," என்றார். ஸ்டீல் ஒன்றும் புரியாமல், "தேங்க்ஸ்ங்க," என்று சொல்லிவிட்டுப் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"ஏண்டி இவ்வளவு லேட்டு?"

"லீவு கிடைக்கல. தலைவலின்னு பொய் சொல்லி அரைநாள் வாங்கிட்டு ஓடி வரேன். உன் டோக்கன் எத்தனை?"

"நீ முதல்ல சொல்லு."

"நீதானே காலையிலிருந்து உட்கார்ந்திருக்கே. நீ சொல்லு."

அவன் அப்போதுதான் கவனித்தான். அவள் கையில் ஃபைல் இல்லை. பெரிய எக்ஸ்ரே உறையும் இல்லை. அவளும் அவன் கையைப் பார்த்தாள். அங்கே திருப்புளிப் பை மட்டும்தான் இருந்தது. எக்ஸ்ரே அறையை மூட வந்த டெக்னீஷியன், "உங்க ரெண்டு பேருக்கும் படம் எடுக்கணுமா?" என்று கேட்டான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இல்லை என்று தலையாட்டினார்கள்.

"உன்னை வர வேண்டாம்னு சொல்லிட்டாங்களா?" என்றாள் மெதுவாக.

"போன வருஷமே. உன்னை?"

"அன்னிக்குத்தான்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? நீ இன்னும் உள்ளயே போகலியே! நீ வெளிய வந்தியே, நீ ஏன் சொல்லல?"

"நீ அடுத்த வருஷம் பாப்போம்னு சொன்னே. உனக்கு இன்னும் செக்கப் இருக்குன்னு நினைச்சேன். இருமினே வேற."

"அது வீட்டுக்குப் பெயின்ட் அடிச்சாங்கடா, மடையா! நான் ஆபீஸ்ல எல்லாருக்கும் சாக்லேட் கொடுத்து, எனக்கு இனிமே செக்கப்பே இல்லைன்னு தம்பட்டம் அடிச்சுட்டேன். அப்புறம் செக்கப்னு லீவு கேட்டா எவன் கொடுப்பான்?" பையைத் தோளிலிருந்து இறக்கினாள். "நீ வந்து பாத்துட்டு, நான் இல்லைன்னு நினைச்சுட்டுப் போயிடுவியோன்னுதான் ஓடி வந்தேன்."

அதற்குள் அந்த அம்மாவும் பிள்ளையும் தங்களையே பார்த்துக்கொண்டிருப்பதைப் பைலட் கண்டான். இன்னும் கூப்பிடப்படாமல் இருக்கிறவர்கள். இவர்கள் முன்னால் வாயைத் திறக்கக் கூடாது. ஒரு நொடி தயங்கினான், பிறகு சட்டமாவது மண்ணாங்கட்டியாவது என்று, வராந்தா முழுக்கக் கேட்கும்படி சொன்னான். "எங்க ரெண்டு பேரையும் இனிமே வர வேண்டாம்னு சொல்லிட்டாங்கம்மா. சரியாயிடுச்சாம்." அந்த அம்மா பிள்ளையின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

"நம்பர் கொடு," என்றான் ஸ்டீலிடம். "வாங்காம போனா வீட்டுல விடமாட்டா."

"வேண்டாம்டா. கொடுத்தா நீ போன் பண்ணுவே. ஒருநாள் நான் எடுக்க மாட்டேன். அப்புறம் நீ..."

"எடுக்கலைன்னா வேலை இருக்குன்னு நினைச்சுக்கறேன். நான் எடுக்கலைன்னா நீயும் அப்படியே நினைச்சுக்கோ."

அவள் அவன் போனை வாங்கி நம்பரை அழுத்தினாள். பெயர் கேட்ட இடத்தில் ஸ்டீல் என்றே அடித்தாள். போனைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, பெஞ்சின் காலியான பாதியைப் பார்த்தாள்.

"அப்போ தூங்குமூஞ்சி வராம போனதும் வேலை இருந்ததாலதானோ என்னவோ?"

"அவனுக்கு என்ன வேலை? எங்கயாவது தூங்கிட்டிருப்பான்."

சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்த முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கடங்காரன்," என்றாள். "எழுந்து வரட்டும், பேசிக்கறேன்." சொல்லிவிட்டு வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பைலட்டும் பார்த்தான்.